காட்டுக்கும் காட்சிக்கும் ஒரு நாய்

ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சுத்த வெள்ளையா?" என்றுதான். சிப்பிப்பாறை என்றால் "முகம் நீளமா?" என்பார்கள். கன்னி என்றால் "கண்ணுக்கு மேலே பொட்டு இருக்கா?" மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியவை. நான் சொல்லப்போகும் வரிசை காது, குணம், கால், அதற்குப் பிறகு நிறம். தென்னந்தோப்புக் காவலுக்கு வாங்கினாலும் சரி, கண்காட்சி ரிங்கில் இறக்க வாங்கினாலும் சரி, இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வெளிநாட்டு இனங்கள் சிலவற்றில் வேலைக்கு ஒரு வம்சம், கண்காட்சிக்கு ஒரு வம்சம் என்று இரண்டாகப் பிரிந்துபோய் வெகுகாலம் ஆகிறது. ஜெர்மன் ஷெப்பர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1899இல் அந்த இனத்துக்குச் சங்கம் அமைத்த மாக்ஸ் பான் ஸ்டெபானிட்ஸ் உழைக்கும் நாயையே அழகான நாய் என்று கருதியவர். இன்று அதே இனத்தில் ரிங்குக்கு வளர்த்தது முதுகு சரிந்து நிற்கிறது. போலீஸ் வேலைக்கு வளர்த்தது நேராக நிற்கிறது. ஒன்றின் வேலையை மற்றதிடம் எதிர்பார்க்க முடியாது. நம் தென்மாவட்ட நாய்களுக்கு அந்தப் பிளவு இன்னும் வரவில்லை. அவை ரிங்குக்குள் வந்ததே அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன் அவற்றுக்கு உருவம் கொடுத்தது வேலை. கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் காட்டில் மறைவு கிடையாது, தூரத்தில் ஓடுவது கண்ணில் படும். அங்கே சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் நீண்ட காலும் ஆழ்ந்த நெஞ்சும் கூரிய பார்வையும் தேவைப்பட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தோட்டக் காவலுக்கும் பன்றி விரட்டவும் நின்ற ராஜபாளையத்துக்கு அதைவிடக் கனத்த எலும்பு அமைந்தது. தேனி மாவட்டத்துக் கோம்பை உயரத்தில் குறைந்தது, கட்டுமஸ்தானது, செந்நிற உடம்பும் கரிய மூஞ்சியும் கொண்டது.

ஆகவே இந்த இனங்களில் காட்டுக்கும் காட்சிக்கும் ஒரே நாயைத் தேடுவது பேராசை ஆகாது. இன்னும் சில தலைமுறைக்காவது அது நடக்கும். வாங்குகிறவர்கள் வெள்ளையையும் மூஞ்சி நீளத்தையும் மட்டும் பார்த்துக் காசு கொடுத்துக்கொண்டிருந்தால் அப்புறம் நடக்காது.

முதலில் வேலையை முடிவு செய்யுங்கள்

"வேலைக்கு ஒரு நாய் வேண்டும்" என்று மொட்டையாகச் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது. என்ன வேலை, எந்த இடத்தில், யாருடைய கட்டுப்பாட்டில் என்ற மூன்றுக்கும் விடை இருக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே பேசி முடித்துவிடுவோம். இந்த நாய்கள் பழைய காலத்தில் பேர் வாங்கியது முயல் வேட்டையில், பன்றி வேட்டையில். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று நாயை விட்டு முயல் பிடிப்பதும் குற்றம். தன் நாயின் வேகத்தைக் காட்ட முயல் துரத்தும் வீடியோ அனுப்புகிற விற்பனையாளர் தானே தன்மேல் சாட்சியம் தருகிறார். அந்த ஆளிடம் குட்டி வாங்க வேண்டாம். வேகம் பார்க்க வேறு வழி இருக்கிறது. கயிற்றில் கட்டிய துணியைத் திறந்த வெளியில் வேகமாக இழுத்துக் காட்டினால் தாயும் தகப்பனும் எப்படிப் பாய்கின்றன, எப்படித் திரும்புகின்றன என்று தெரிந்துவிடும்.

இன்று மிச்சமிருக்கும் வேலைகளில் முதன்மையானது காவல். வீட்டு வாசல், தோப்பு, மோட்டார் அறை, ஆட்டுப்பட்டி, பயிருக்கு வரும் பன்றியைக் குரைத்து எச்சரிப்பது எல்லாம் இதில் அடங்கும். ராஜபாளையம் ஓரிருவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளும், வெளியாளை எளிதில் ஏற்காது. தினமும் பத்துப் பேர் வந்துபோகும் வீட்டில் இந்தக் குணமே தொந்தரவாகிவிடும். சென்னையில் இரண்டு அறை அடுக்ககத்தில் ராஜபாளையம் வளர்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வகை. எது ஓடினாலும் பின்னால் ஓடும். அது பக்கத்து வீட்டுக் கோழியாக இருந்தாலும் ஓடும். கோழி, பூனை உள்ள வீட்டில் இவற்றைக் குட்டியிலிருந்தே கூடவே வைத்துப் பழக்க வேண்டும், பழக்கிய பிறகும் முழுதாக நம்பக் கூடாது. மதில் ஆறடிக்குக் குறைந்தால் இவற்றுக்கு அது மதிலே இல்லை. கோம்பை ஓட்டத்தில் இவற்றுக்குப் பின்னால்தான், ஆனால் நின்று எதிர்ப்பதில் முன்னால். முதல்முறை நாய் வளர்ப்பவருக்குக் கோம்பையை நான் சொல்ல மாட்டேன்.

மோப்ப வேலையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கர்நாடகத்தின் முதோல் நாய்களை ராணுவம் மீரட்டில் உள்ள தன் கால்நடைப் படை மையத்தில் பழக்கியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் முதோலோடு ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றையும் பெயர் சொல்லிப் பேசினார். அதற்குப் பிறகு தேடல் கூடியது, கலப்புக் குட்டிகளை "ஒரிஜினல்" என்று விற்பதும் கூடியது. நம் நாய்களுக்கு மோப்பம் இல்லாமல் இல்லை, பழக்கவும் முடியும். ஆனால் லாப்ரடார் போல ஒரே வேலையை நூறு முறை சலிக்காமல் செய்து காட்டும் சுபாவம் இவற்றுக்குக் குறைவு. மோப்பமே பிரதானம் என்றால் வேறு இனத்தைப் பாருங்கள்.

காது

ராஜபாளையத்தில் இதுதான் பெரிய விஷயம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் எப்படி வருகின்றன? தோலில் நிறமிச் செல்கள் இல்லாததால். அதே வகைச் செல்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களுக்கு வேண்டிய சூழல் கெட்டு, குட்டி பிறந்த சில வாரங்களிலேயே அவை செத்துப்போகின்றன. மறுபடி முளைப்பதில்லை, மருந்தும் கிடையாது. வெள்ளையை முன்னிறுத்தி வளர்க்கும் பல இனங்களில் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன் நாய்களில் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பதுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. நீலக் கண் உள்ளவற்றில் செவிடு இன்னும் அதிகம் என்பதும் அந்த இனத்தில்தான் தெளிவாகத் தெரியவந்தது. அதனால் ராஜபாளையத்தில் நீலக் கண்ணை "அபூர்வம்" என்று கூடுதல் விலை சொன்னால் அந்தக் குட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பொன்னிறக் கண்ணே இந்த இனத்துக்கு உரியது.

குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது லேசு என்று நினைக்கிறார்கள். கை தட்டுகிறார்கள், குட்டி திரும்புகிறது, சரி என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஈத்தில் ஆறு குட்டி சேர்ந்து இருக்கும்போது ஐந்து திரும்பினால் ஆறாவதும் திரும்பும். அது கேட்டுத் திரும்பவில்லை, மற்றவற்றைப் பார்த்துத் திரும்பியது. கை தட்டும்போது காற்று அசையும். தரையில் காலை உதைத்தால் அதிர்வு போகும். இரண்டையும் செவிட்டுக் குட்டி உணரும். ஆகவே ஒவ்வொரு குட்டியையும் தனியாக, மற்றவை கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அது எங்கோ மும்முரமாக இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, பின்பக்கம் நான்கைந்து அடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். வாயால் மெல்லிய கீச்சு ஒலி எழுப்பிப் பாருங்கள். காது மடல் அசைய வேண்டும், தலை சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். திரும்பத் திரும்ப ஒரே பக்கம் மட்டும் திரும்பினால் ஒரு காது போயிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

ஒரு காது மட்டும் செவிடான குட்டி வீட்டில் சாதாரணமாகவே நடமாடும். அதைக் கண்டுபிடிக்க ஒரே நிச்சயமான வழி 'பேயர்' எனப்படும் சோதனை. காதுக்குள் ஒலி கொடுத்து, தலையில் வைத்த மின்முனைகள் வழியே மூளை அதை வாங்குகிறதா என்று கருவியில் பார்ப்பது. குட்டிக்கு ஐந்து வாரம் முடிந்த பிறகு செய்யலாம். எல்லா ஊர்க் கால்நடை மருத்துவமனையிலும் இந்த வசதி கிடையாது. பெரிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு ராஜபாளையத்தை வைத்து இனம் பெருக்க நினைப்பவர் இந்தச் செலவுக்கு யோசிக்கவே கூடாது. ஒரு காது மட்டும் செவிடான நாயும் தன் குட்டிகளுக்குக் குறையைக் கடத்தும்.

செவிட்டு நாய் வீட்டில் செல்லமாக வாழ முடியாதா? முடியும், கைச் சைகையில் பழக்கலாம். ஆனால் காவல் நாயாக முடியாது. கூப்பிட்டால் வராது, பின்னாலிருந்து யாராவது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கவும் கூடும். ரிங்கிலும் வெளியிலும் அதைக் கூட்டிக்கொண்டு நிற்பவருக்குத்தான் ஆபத்து.

தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள்

எட்டு வாரக் குட்டியை மேசைமேல் நிறுத்தி, மல்லாத்திப் படுக்க வைத்து, தகரத்தைத் தட்டி அதன் எதிர்காலக் குணத்தைக் கணிக்கும் சோதனைகள் பல உண்டு. செய்து பாருங்கள், தவறில்லை. ஆனால் அவை சொல்வது கொஞ்சம்தான். அந்தக் குட்டியின் தாய், தகப்பன், ஒரு வருடம் முன்பு அதே ஜோடிக்குப் பிறந்து இப்போது வளர்ந்து நிற்கும் நாய்கள் ஆகியவை அதைவிட எவ்வளவோ அதிகம் சொல்லும்.

"தாய் தோட்டத்துல கெடக்கு அண்ணாச்சி, புது ஆளைக் கண்டா கடிச்சிரும், அதான் கொண்டாரல" என்று சொல்வார்கள். அப்படியென்றால் நாம் தோட்டத்துக்குப் போக வேண்டும். கட்டிப்போட்டிருந்தாலும் பரவாயில்லை, தூரத்தில் நின்று பார்க்கலாம். நல்ல காவல் நாய் அந்நியரைக் கண்டதும் முன்னால் வந்து நின்று குரைக்கும். வால் கால்களுக்கு இடையே போகாது. உரிமையாளர் அதட்டி, உங்களோடு இயல்பாகப் பேசத் தொடங்கியதும் குரைப்பு குறையும், ஆனால் கண் உங்கள் மேலேயே இருக்கும். இதுதான் வேண்டிய குணம். பின்வாங்கிக்கொண்டே குரைத்து, நீங்கள் திரும்பியதும் காலைக் கவ்வ வருகிற நாய் பயந்த நாய். பயத்தில் கடிப்பதைச் சிலர் "சூரம்" என்று பெருமை பேசுவார்கள், நம்பாதீர்கள். பயந்த தாயின் குட்டி பெரும்பாலும் பயந்த குட்டி. ரத்தத்திலும் வரும், பக்கத்தில் இருந்து பார்த்தும் பழகும்.

உரிமையாளர் சொல்லுக்கு அந்த நாய் அடங்குகிறதா என்பதைத் தனியாகக் கவனியுங்கள். அடங்காத நாய்க்குக் காவல் வேலையும் தெரியாது, ரிங்கிலும் நிற்க முடியாது.

தகப்பன் பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கும். வில்லிபுத்தூரில் குட்டி பார்த்துவிட்டு சிவகிரிக்கு ஒரு நடை போய்த் தகப்பனைப் பார்த்துவருவதில் உங்களுக்கு ஒரு நாள் போகும், அவ்வளவுதான். போகும்போது இன்னொன்றையும் விசாரியுங்கள்: தாயும் தகப்பனும் எந்த வழி உறவு? கிராமங்களில் நல்ல கடுவன் ஒன்று இருந்தால் சுற்றுவட்டாரப் பெட்டை எல்லாம் அதற்கே போகும். மகளையும் அதற்கே சேர்த்துவிடுவதும் நடக்கும். தூரத்து உறவில் சேர்ப்பது இனத்தின் அச்சை நிலைநிறுத்த உதவும் என்பது உண்மை. தகப்பன்–மகள், கூடப் பிறந்தவை என்ற அளவுக்கு நெருங்கினால் ஈத்தில் குட்டி எண்ணிக்கை குறையும், செவிடு கூடும், நோய் எதிர்க்கும் தெம்பு போகும். எந்தக் கடுவன் பேர் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கால், நெஞ்சு, பல்

சமதரையில், வெயில் ஏறுமுன், நாயை நடக்கவும் துள்ளோட்டமாகவும் கூட்டிவரச் சொல்லுங்கள். எதிரிலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து என்று மூன்று கோணத்திலும் பார்க்க வேண்டும். எதிரிலிருந்து பார்க்கும்போது முழங்கை வெளியே பிதுங்கக் கூடாது. பின்னாலிருந்து பார்க்கும்போது பின்னங்கால் கணுக்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே வளையக் கூடாது. பக்கவாட்டில் முன்கால் எட்டிப் போட வேண்டும், பின்கால் உந்தித் தள்ள வேண்டும். அடி குறுகி அடிக்கடி தத்திப் போகிற நடை வேண்டாம். நெஞ்சு முன்முழங்கை வரை இறங்கி வயிறு மேலே ஒட்டியிருப்பது சிப்பிப்பாறை, கன்னியின் அடையாளம். அகலத்தைவிட ஆழமே நுரையீரலுக்கு இடம்.

மெலிவையும் பட்டினியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிப்பிப்பாறையில் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது இயல்பு. ஆனால் தொடையில் சதை திரண்டிருக்க வேண்டும், தோல் பளபளக்க வேண்டும். முதுகுத்தண்டு கணுக்கணுவாகத் துருத்தி, தொடை வற்றி, முன்காலின் மணிக்கட்டு வீங்கி வெளியே வளைந்திருந்தால் அது இனக் குணம் இல்லை, சத்துக் குறை. வெறும் கஞ்சியும் கூழும் ஊற்றி வளர்த்த குட்டிகளில் இது சகஜம். கொஞ்சம் வளைவு சரியான தீனியில் நிமிரும், முற்றிப்போனது நிமிராது. "வளர வளரச் சரியாயிரும்" என்ற சமாதானத்தை நம்பி ரிங்குக்குக் குட்டி எடுக்க வேண்டாம்.

ராஜபாளையம் தோள்மட்டத்தில் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை நிற்கும். அந்த உயரத்துக்கு மேல் போனதைச் சிலர் சிறப்பாகச் சொல்வார்கள். தலை மிகப் பெரிதாய், உதடு தொங்கி, எலும்பு தடித்திருந்தால் வெளிநாட்டுக் கனத்த இனத்தின் ரத்தம் கலந்திருக்கலாம் என்பது என் எண்ணம். சிப்பிப்பாறையில் கலப்பு வேகமான வெளி இனங்களிலிருந்து வருகிறது. அதைக் கண்ணால் பிடிப்பது கடினம், பரம்பரை விசாரணை ஒன்றே வழி.

வளர்ந்த நாய்க்கு 42 பல், மேலே 20, கீழே 22. மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசையை லேசாக மூடி நிற்க வேண்டும். குட்டிக்கு 28 பால்பல்தான். அவை சரியாக இருந்தாலும் ஆறேழு மாதத்தில் நிரந்தரப் பல் முளைக்கும்போது தாடை மாறலாம். ஆண் குட்டி என்றால் இரண்டு விரையும் இறங்கியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். எட்டு வாரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆறு மாதத்திலும் ஒன்று இறங்கவில்லை என்றால் அந்தக் கடுவனுக்கு ரிங்கில் இடமில்லை, இனப்பெருக்கத்துக்கும் ஆகாது. காவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னியில் கருப்பு உடம்பும் செம்பழுப்புப் பொட்டும், அல்லது பாலேடு நிறம். பின்னதைப் பால்கன்னி என்பார்கள். சிப்பிப்பாறையில் செவலை, சாம்பல் போன்ற ஒற்றை நிறங்கள். நெஞ்சிலும் விரல் நுனியிலும் சிறு வெள்ளை பொறுத்துக்கொள்ளப்படும். ராஜபாளையத்தின் வெள்ளைத் தோலும் சிவந்த மூக்கும் கடும் வெயிலில் வெந்துபோகும், நாள்பட்டால் புற்றுநோய்வரை போகலாம். தோப்பில் விடுவதாக இருந்தால் பகலில் நிழல் கட்டாயம்.

ரிங் கேட்பது என்ன?

கென்னல் கிளப் ஆப் இந்தியாவின் விதிகளின்படி நடக்கும் கண்காட்சிகளில் ஜட்ஜ் முதலில் எல்லா நாயையும் வட்டமாக ஓடவைத்துப் பார்ப்பார். பிறகு ஒவ்வொன்றாக நிறுத்தி வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். தோள், நெஞ்சு, இடுப்பு, விரை எல்லாம் கையால் தொட்டுப் பார்ப்பார். அப்புறம் தனியாக நேர்கோட்டிலும் முக்கோணத்திலும் ஓடச் சொல்வார். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் பரிசைக் கோட்டை விடுவது பெரும்பாலும் அந்தத் தொடும் கட்டத்தில்தான். அந்நியர் கை பட்டதும் உறுமுகிற நாயை ஜட்ஜ் வெளியே அனுப்பிவிடுவார். எத்தனை அழகாக இருந்தாலும் சரி.

காவல் குணமும் இந்தப் பொறுமையும் முரண் என்று நினைக்க வேண்டாம். மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டியின் மனம் புதியதை எளிதாக ஏற்கும். அந்தக் காலத்தில் தினம் ஒரு முறையாவது வேறொருவர் வாயைத் திறந்து பார்த்து, காலைத் தூக்கி, உடனே கையிலிருந்து ஒரு துண்டு ஈரல் கொடுத்தால் குட்டி அதைப் பழகிக்கொள்ளும். உரிமையாளர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது தொட்டால் நிற்பது, உரிமையாளர் இல்லாதபோது வாசலுக்கு வந்தவரை நிறுத்துவது என்ற இரண்டையும் இந்த நாய்கள் பிரித்தறியும். ஆகவே ரிங்குக்கும் சேர்த்து வாங்குகிறவர் வளர்ப்பவர் வீட்டில் பார்க்க வேண்டியது, குட்டிகள் மனிதர் நடமாட்டத்துக்கு நடுவே வளர்கின்றனவா, ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் தனியாகக் கிடக்கின்றனவா என்பது. கொட்டகையில் வளர்ந்த நாலு மாதக் குட்டியைத் திருத்த எடுக்கும் பாடு பெரிது.

கண்காட்சியே முதன்மை நோக்கம் என்றால் எட்டு வாரக் குட்டியைவிட ஏழெட்டு மாதக் குட்டி பாதுகாப்பான தேர்வு. விலை கூடும். ஆனால் பல் முளைத்துவிட்டது, விரை இறங்கிவிட்டது, காலின் கோணம் தெரிகிறது, குணமும் பாதி தெரிந்துவிட்டது. காவலே முதன்மை என்றால் எட்டு வாரத்தில் எடுத்து உங்கள் வீட்டு வாசனையிலேயே வளர்ப்பது மேல். இரண்டும் சமமாக வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது எட்டு வாரக் குட்டிதான். ரிங்கில் வரக்கூடிய ஏமாற்றத்துக்குத் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

வாங்குமுன் ஒரு கண்காட்சியையாவது போய்ப் பாருங்கள். மே மாதம் ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்துவது பழையது, பெரியது. சென்னையிலும் மெட்ராஸ் கெனைன் கிளப் நடத்துகிறது. பல கண்காட்சிகளில் இந்திய இனங்களுக்குத் தனிப் பரிசு உண்டு. பரிசு வாங்கியதைப் பார்ப்பதைவிட, வாங்காமல் வெளியே வந்த நாயின் சொந்தக்காரரோடு மர நிழலில் பேசுவதில் அதிகம் கற்றுக்கொள்ளலாம். தோற்றவர் காரணம் சொல்வார், பாதி உண்மையாகவே இருக்கும்.

காகிதமும் சட்டமும்

பெடிகிரி சர்டிபிகேட் என்பது பரம்பரைப் பதிவு; தரச்சான்று இல்லை. பதிவு உள்ள மட்டமான நாயும் உண்டு, பதிவே இல்லாமல் கரிசல் காட்டில் கிடக்கும் அருமையான நாயும் உண்டு. ஆனால் கண்காட்சிக்குப் பதிவு அவசியம். கென்னல் கிளப்பில் பதிந்த பெற்றோரின் குட்டி என்றால் மைக்ரோசிப் எண், ஈத்துப் பதிவு, உங்கள் பேருக்கு மாற்றும் படிவம் மூன்றையும் காசு கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். சிப் எண்ணை ஸ்கேனரில் படிக்கச் சொல்லி, காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள். "அப்புறம் அனுப்புறேன்" என்ற காகிதம் வராது. பெற்றோர் விவரம் இல்லாத நாட்டு நாயைத் தனி நாயாக, நேரில் ஆய்வு செய்து பதிந்துகொள்ளும் வழியும் இருக்கிறது. கிராமத்து நல்ல ரத்தம் பதிவேட்டுக்குள் வர அதுவே வாசல்.

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பெட்டை பதினெட்டு மாதத்துக்குக் குறையாமலும் எட்டு வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. தமிழ்நாடு அரசும் 2024இல் தனியாக ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டது. முப்பது நாள் குட்டியை நீட்டுகிறவரிடம் சட்டம் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம். காதையும் வாலையும் வெட்டிய குட்டியைக் காட்டினாலும் அப்படித்தான்.

ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல் தலை வந்தது. ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முறைப்படி இனமாகப் பதிந்திருக்கிறது. இதெல்லாம் பெருமைதான். ஆனால் சைதாப்பேட்டையில் அரசு நடத்திவந்த நாய் இனப்பெருக்க நிலையம் மூடப்பட்டுவிட்ட பிறகு, நல்ல குட்டிக்கு நாம் தனியார் வளர்ப்பவரையே நம்பியிருக்கிறோம். அந்த வளர்ப்பவர் எதை வளர்ப்பார் என்பதை வாங்குகிறவர்தான் முடிவு செய்கிறார்.

குட்டி பொறுக்கும் நாள்

காலையில், குட்டிகள் பால் குடிக்குமுன் போய்விடுங்கள். வயிறு நிறைந்த குட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி தூங்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பூச்சி மருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்திருக்க வேண்டும். தேதியோடு அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில் உங்கள் பொறுப்பு. ஈத்தில் ஏதாவது குட்டிக்கு வாந்தியோ ரத்தம் கலந்த கழிச்சலோ இருந்தால் எந்தக் குட்டியையும் தொடாமல் திரும்புங்கள். பார்வோ கிருமி உங்கள் செருப்போடு வீடு வரை வரும்.

நான் எடுக்கும் குட்டி, ஓடிவந்து முதலில் காலில் ஏறுவது அல்ல. மூலையில் ஒடுங்கிக் கிடப்பதும் அல்ல. தகரச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு, இரண்டடி தள்ளிப் போய், அரை நிமிடத்தில் என்ன என்று பார்க்கத் திரும்பி வருகிற குட்டியை எடுப்பேன். அதற்குக் காது கேட்கிறது, மனம் உடையவில்லை என்று இரண்டும் தெரிந்துவிடுகிறது. கடுவனா பெட்டையா என்றால், காவலுக்குப் பெட்டை குறைவானது என்பது கட்டுக்கதை. கடுவன் ஊர் சுற்றப் போய்விடும், பெட்டை வீட்டை விட்டு நகராது. பருவ காலத்தில் அதை அடைத்துவைக்க இடம் இருந்தால் தோப்புக்குப் பெட்டையே என் தேர்வு. அந்த நாட்களில் கண்காட்சி விழுந்தால் ஒன்றைத் தவறவிட வேண்டிவரும், அவ்வளவுதான்.

ஈத்து முழுவதும் பார்த்தும் மனம் ஒப்பவில்லை என்றால் முன்பணத்தை நினைத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். தாய் பிடித்திருந்தால் அடுத்த ஈத்துக்குச் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள். அதற்கு ஒரு வருடம் ஆகும்.